ஐந்து பெட்டிக்கு ஒரு வார்த்தை

சத்தியவேட்டில் யாருக்காவது ஒரு வலைத்தளம் திறக்கவில்லை என்றால் சித்தூரிலிருந்து ஜோனத்தான் பஸ் ஏற வேண்டும். திருப்பதியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, புழுதியோடு போய்ச் சேர்ந்து, கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். போட்டதும் அதே வழியில் திரும்ப வேண்டும். டிக் போட ஆகும் நேரத்தில் கண்டக்டர் ஒரு டிக்கெட் கூட அடித்திருக்க மாட்டார்.

நவநந்தி டெய்ரிக்கு ஐந்து இடங்கள். சித்தூரில் தலைமை அலுவலகம், திருச்சானூரில் விற்பனை அலுவலகம், வடமாலபேட்டை, புத்தூர், சத்தியவேடு மூன்றிலும் பால் குளிரூட்டும் நிலையங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி. வெளியிலிருந்து வரும் இணையம் அதற்குள் நுழைந்துதான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் போக வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பெட்டிக்கு விதி எழுதி வைப்பது ஜோனத்தான். விதியை மாற்ற வேண்டும் என்றால் அந்தந்தப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தால்தான் ஆகும் என்பது முன்பு வேலை பார்த்தவர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. ஜோனத்தானின் பதவியின் பெயர் நெட்வொர்க் இன்சார்ஜ். வேலையின் பெயர் பிரயாணம்.

சனிக்கிழமை மாலைகளில் சித்தூர்ச் சபையில் பாடகர் குழுவின் ஒத்திகை நடக்கும்போது அவன் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பான். அவன் பாட வேண்டிய, ஆண்களின் மேல்குரலான டெனர் பகுதியை இப்போது ஆர்தர் பாடினான். ஆர்தருக்குச் சுருதி ஏறாது. ஆனால் ஆள் தவறாமல் வந்துவிடுவான்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் ஜோனத்தான் ஜெனரல் மேனேஜர் ஸ்ரீதேவி மேடத்திடம் போய் நின்றான். சித்தூரில் ஒரே ஒரு கன்சோல். ஐந்து பெட்டிகளும் அதன் கட்டுப்பாட்டில். விதியை ஒரு முறை எழுதி ஒரு பொத்தானை அமுக்கினால் ஐந்து இடத்துக்கும் போய்விடும். யாரும் எங்கும் போக வேண்டாம்.

ஸ்ரீதேவி மேடம் தெலுங்குக்காரர். கனிவாகப் பேசும்போது தமிழிலும் உத்தரவு போடும்போது தெலுங்கிலும் பேசுவார்.

"ஒரே எடத்துல உக்காந்து அஞ்சையும் பாத்துக்கலாமா? உக்காரப் போறது யாரு?"

"நான்தான் மேடம்."

"அதானே பாத்தேன்." மேடம் காலண்டரைப் பார்த்தார். "சரி. மாசம் முடியறதுக்குள்ள அஞ்சும் ஒண்ணா வரட்டும். வந்தா சித்தூர்ல சீட் உனக்கு. வரலைன்னா நீ சத்தியவேட்லயே ரூம் எடுத்துக்கோ. தெனம் அலையறது மிச்சம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அதை ஜெபக் குறிப்பாகச் சபையில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போதகர், தம்பி ஜோனத்தானின் நெருப்புச் சுவர் ஐந்து ஊரிலும் உறுதியாக நிற்க வேண்டும் என்று ஜெபித்தார். பின்வரிசையில் யாரோ செங்கல் சூளை வைத்திருக்கிறானா என்று கேட்டார்கள்.

முதல் வேலையாக, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் தளங்கள் யாவை என்று எல்லா நிலையங்களுக்கும் வாட்ஸாப்பில் கேள்வி அனுப்பினான். திருச்சானூர், "கூகுள்" என்றது. புத்தூர், "இன்டர்நெட்" என்றது. வடமாலபேட்டை கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பியது. சத்தியவேட்டு நிலையப் பொறுப்பாளர் சிட்டிபாபு மட்டும் போனிலேயே கூப்பிட்டார்.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல தம்பி. வேலதான் பாக்கறோம்."

"வேலைக்கு எந்த சைட்டுண்ணா?"

"வேலைக்கு வேல சைட்டுதான்."

இதை வைத்துக்கொண்டு ஜோனத்தான் விதிகளை எழுதினான்.

பெட்டிகளைச் சேர்ப்பது அதைவிடப் பெரிய பாடு. வடமாலபேட்டைப் பெட்டியின் கடிகாரம் பல வருஷம் பின்னால் ஓடியது. அந்தப் பெட்டியின் கணக்கில் கன்சோலின் அடையாளச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத ஒன்றை நம்ப மாட்டேன் என்று இணைய மறுத்தது. இதைக் கண்டுபிடிக்க ஜோனத்தானுக்கு ஒரு வாரம் ஆயிற்று. திருச்சானூர்ப் பெட்டியின் கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்திருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். போனில் பிடித்துக் கேட்டால், "எப்பவும் வெக்கறததாம்பா வெச்சேன்" என்றார். எப்போதும் வைப்பது எது என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஜோனத்தான் பெட்டியின் ரீசெட் துளைக்குள் ஊக்கை நுழைத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினான்.

சத்தியவேட்டில் வேறு தொல்லை. பெட்டி கன்சோலில் சேரும், பச்சை விளக்கு எரியும், ராத்திரி ஆனால் சிவப்பாகிவிடும். போய்ப் பார்த்தால் பெட்டியின் சுவிட்ச் அணைந்திருக்கும்.

"அண்ணா, இத யாரு ஆஃப் பண்றது?"

"நான்தாம்பா," என்றார் சிட்டிபாபு. "ராவெல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிக்கினே கீது. ஆள் இல்லாத எடத்துல இன்னாத்துக்கு அது?"

"ஆள் இல்லாத நேரத்துலதாண்ணா அது காவல் காக்கணும்."

"காவலுக்கு வாச்மேன் கீறானே."

இதையும் தாண்டி வந்தபோது அந்த வார்த்தை வந்தது. எல்லைப் பக்கத்துத் தமிழர்கள் எல்லாரையும் போல சிட்டிபாபுவும் வீட்டில் தமிழ், ஆபீஸில் பாதித் தெலுங்கு. ஒரு நாள் போனில், "தம்பி, நம்ம கேமராவ கொஞ்சம் தீயி" என்றார்.

தெலுங்கில் 'தீயி' என்றால் திற. கதவைத் தீயி. அதே 'தீயி'க்குக் கழற்று, எடு, நீக்கு என்றும் அர்த்தம். செருப்பைத் தீயி. கதவிலும் செருப்பிலும் யாருக்கும் குழப்பம் வராது. ஃபயர்வாலில் வரும். கேமராவை வீட்டிலிருந்தே பார்க்க வழி திறந்துவிடு என்ற அர்த்தத்தில் சிட்டிபாபு சொல்ல, கேமராவுக்கு இருந்த விதியை ஜோனத்தான் எடுத்துவிட்டான். இருந்த வழியும் போயிற்று. அன்று பெட்டி கன்சோலில் மறுபடி சிவப்பாகிவிட்டதால், அதைச் சரிசெய்ய அவன் சத்தியவேட்டுக்கு பஸ் ஏறினான். அதிலிருந்து யார் போன் செய்தாலும், "தொறக்கணுமா, எடுக்கணுமா?" என்று கேட்ட பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பான். "அதான் சொன்னேனே, தீயி" என்று பதில் வரும். மறுபடி கேட்பான். பதில் வாங்காமல் விட மாட்டான்.

மாசம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போதே கன்சோலில் ஐந்து விளக்குகளும் பச்சையாக எரிந்தன. ஐந்துக்கும் ஒரே பொது விதிப் பட்டியல். ஜோனத்தான் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். பெண் பார்த்துவிட்டு வந்தவன் கூட அவ்வளவு தடவை எடுத்துப் பார்த்திருக்க மாட்டான்.

மாற்று ஆளாக, கணக்குப் பிரிவிலிருந்த கிஷோரை மேடம் கன்சோலில் உட்கார வைத்தார். கிஷோர் நாற்பதை நெருங்கியவர், எம்.காம். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். திரை, 'நிச்சயமாகவா?' என்று கேட்டால், கேள்வி முழுதாக வருவதற்குள் 'ஆம்' அமுக்கிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது கேள்வியே அல்ல, கம்ப்யூட்டரின் மரியாதை. அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த ஜோனத்தான், அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது ஃபயர்வால் பாடத்தில் எங்கும் இல்லை.

பொதுப் பட்டியலை ஐந்து இடத்துக்கும் அனுப்பிய அன்று காலை, மேடம் அவனைத் திருச்சானூருக்குப் போகச் சொன்னார். எம்.டி. அங்கே வருகிறாராம். கன்சோலைப் பெரிய டி.வி.யில் காட்ட வேண்டுமாம்.

"இங்க இருந்தே காட்டலாமே மேடம். அதுக்குத்தானே இது."

"எம்.டி. வரும்போது ஆள் நேர்ல இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

எங்கும் போக வேண்டாத ஏற்பாட்டைக் காட்டுவதற்காக ஜோனத்தான் பஸ் ஏறினான்.

திருப்பதியில் இறங்கித் திருச்சானூர் ஷேர் ஆட்டோவில், மொட்டையடித்த ஒரு குடும்பத்துக்கு நடுவே, மடியில் லேப்டாப்போடு இடுங்கி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. கிஷோர்.

"ஜோனு, ஒண்ணுமில்ல. சத்தியவேட்ல டாங்கருக்கு கேட் பாஸ் வரலன்னு சிட்டிபாபு மேடத்துக்கு போன் போட்டான். லாரி ரொம்பிப் போய் நிக்குது."

கேட் பாஸ் ஒரு வலைத்தளத்தில் எடுப்பது. அது அச்சாகி வந்தால்தான் டாங்கர் வாசலைத் தாண்டும். டாங்கர் போனால்தான் சாயங்காலப் பாலைப் பிடிக்க இடம். இந்தத் தளத்தைப் பற்றி சிட்டிபாபு ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை, அதனால் புதுப் பட்டியலில் அது இல்லை. அவருக்கு அது இணையம் இல்லை, கேட் பாஸ்.

"சரிண்ணா, அட்ரஸ் வாங்குங்க. ஒரு விதி சேத்தா போதும்."

"அதெல்லாம் ஆயிடுச்சுப்பா. மேடம் வந்து பின்னால நின்னுக்கினாங்க. 'அன்னீ தீசெய் கிஷோர்'னு சொன்னாங்க. தீசிட்டேன்."

ஜோனத்தானின் காதில் ஆட்டோ சத்தம் நின்றுபோனது போலிருந்தது. 'அன்னீ' என்றால் எல்லாம். 'தீசெய்' அதே 'தீயி'தான்.

"கிஷோரண்ணா, தொறந்தீங்களா, எடுத்தீங்களா?"

"சுத்தமா எடுத்துட்டேன். லிஸ்ட்ல இப்ப ஒண்ணு கூட இல்ல. அஞ்சு எடத்துக்கும் அனுப்பிட்டேன்." குரலில், வருஷக் கணக்கை முடித்துக் கொடுத்தவரின் நிறைவு இருந்தது. "நிச்சயமான்னு மூணு தடவ கேட்டுது. விடலையே நானு."

மேடம் சொன்னது, எல்லாவற்றையும் திறந்துவிடு. கணக்குக்காரருக்குக் கேட்டது, எல்லாவற்றையும் நீக்கிவிடு. இரண்டும் ஒன்றுதானே என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஃபயர்வாலில் இரண்டும் நேர் எதிர். விதி ஒன்றும் இல்லாத பெட்டி திறந்த பெட்டி அல்ல. எதையுமே விடாத பெட்டி. விடு என்று எழுதாதவரை அது யாரையும் விடாது. முன்பெல்லாம் ஒருவர் தப்புச் செய்தால் ஓர் ஊர்தான் படுக்கும். இப்போது ஒரே வார்த்தையில் ஐந்து ஊரும் படுத்துவிட்டது. மையப்படுத்துதல் நன்றாக வேலை செய்தது.

நிலையங்களின் பெட்டிகள் சித்தூரோடு பேசுவதற்கும் ஒரு விதி இருந்தது. அதுவும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

ஆட்டோவில் இருந்தபடியே, சேமித்து வைத்த பழைய நகலிலிருந்து சித்தூர்ப் பெட்டிக்கு மட்டும் உயிர் கொடுக்க கிஷோருக்கு வழி சொன்னான். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த மொட்டைப் பெரியவர், ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கையைக் கூப்பிக்கொண்டார். சித்தூர் பச்சையாயிற்று. மற்ற நான்கையும் லேப்டாப்போடு நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

போனை மேடம் வாங்கினார். "ஏமய்யா ஜோனத்தான், நேரா சத்தியவேட்டுக்குப் போ. பால் நிக்குது."

"மேடம், திருச்சானூர் பக்கத்துலதான். அதச் சரி பண்ணிட்டு—"

"திருச்சானூர்ல பால் பாக்கெட்ல, ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சத்தியவேட்ல லாரில இருக்கு. மொதல்ல அங்க. எம்.டி.யும் இன்னிக்கு வரல."

ஜோனத்தான் வழியிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போகும் ஆட்டோவில் ஏறினான். திருப்பதியில் பிடித்த சத்தியவேட்டு பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போது ஜன்னல் வழியே நவநந்தி டெய்ரியின் பலகை தெரிந்தது. உள்ளே ஒரு பெட்டி விதியில்லாமல் கிடக்கிறது. இறங்கினால் சரிசெய்துவிடலாம். இறங்கினால் சத்தியவேட்டில் பால் கெட்டுவிடும். பலகை பின்னால் போயிற்று. இந்த வழியில் எத்தனை வேகத்தடை என்று அவனுக்குத் தெரியும். இனிமேல் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று காலையில்தான் நினைத்திருந்தான்.

சத்தியவேட்டு நிலையத்தின் வாசலில் டாங்கர் இல்லை. சிட்டிபாபு கால் மேல் கால் போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, மோர் குடி. வெயில்ல வந்துகிற."

"லாரி எங்கண்ணா?"

"அது அப்பவே பூட்ச்சே."

"கேட் பாஸ் எப்படி வந்துது?"

சிட்டிபாபு தலையால் ஒரு மூலையைக் காட்டினார். ஃபயர்வால் பெட்டி கழற்றப்பட்டு, காலிப் பால் கேன் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து வரும் இணைய வயர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர்களுக்குப் போயிருந்தது.

"மேடம் எல்லாத்தையும் தீயச் சொல்லிட்டாங்கன்னு கிஷோரு சொன்னாரு. இங்க இன்னா கீது தீயறதுக்கு? அது ஒண்ணுதான். தீசி வெச்சிட்டேன். ஒடனே வந்துடுச்சுப்பா, சல்லுனு." பிறகு தன் பெருந்தன்மையை மறைக்க முடியாமல் சொன்னார்: "பாவம், மத்தவங்களும் கஷ்டப்பட்டுக்கினு இருந்தாங்க. புத்தூரு, வடமாலபேட்ட, திருச்சானூரு, அல்லாருக்கும் போன் போட்டு வழி சொல்லிட்டேன்."

அந்த வார்த்தைக்கு ஃபயர்வாலில் மூன்றாவது அர்த்தமும் கிடைத்தது. ஜோனத்தான் மோரை வாங்கிக்கொண்டு பால் கேன் எதிரில் உட்கார்ந்தான். போன் அடித்தது. மேடம் தமிழில் பேசினார்.

"ஜோனத்தான், சூப்பர். அஞ்சு எடமும் ஓடுது. சத்தியவேட்ல இருந்து லாரி கெளம்பிடுச்சாம். நீ நாளைக்குக் காலைல வந்து சீட்ல உக்காரு. எம்.டி.கிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு சித்தூருக்கே வராரு."

'தேங்க்ஸ் மேடம்' என்ற இரண்டு சொற்கள்தான் தேவைப்பட்டன. சொன்னால் சீட். சனிக்கிழமை ஒத்திகை. வேகத்தடைகளை மறந்துவிடலாம்.

எதிரில் சிட்டிபாபு கம்ப்யூட்டருக்குத் திரும்பியிருந்தார். "பெட்டி இல்லாம நல்லா வேகமா கீதுப்பா. என்னென்னமோ வருது பாரு." திரையில் ஒரு சிவப்புக் கட்டம், உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து, காப்பாற்ற இங்கே அமுக்கவும் என்று துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் நாலு மண்டலத்துக் குடியானவர்கள் ஊற்றும் பாலின் அளவும் கொழுப்பும் ஏறும். சிட்டிபாபு காப்பாற்ற விரலைக் கொண்டுபோனார். ஜோனத்தான் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், நாலு எடத்துல ஃபயர்வாலே இல்ல. கழட்டி வெச்சிருக்காங்க. அதனாலதான் ஓடுது."

"அதத்தானே நான் மொதல்லயே சொன்னேன், அன்னீ தீசெய்னு. அப்பவே கேட்டிருந்தா இவ்வளவு டென்ஷன் இல்ல."

"மேடம், கன்சோல்ல நாலு சிவப்பு தெரியும்."

"எம்.டி.க்கு சிவப்பு பச்சையெல்லாம் தெரியாது. நீ வந்து உக்காரு போதும்."

ஒரு கையில் போனும் மறு கையில் சிட்டிபாபுவின் மணிக்கட்டுமாக நின்றான் ஜோனத்தான். தன் மேலேயே எரிச்சலாக வந்தது. மற்றவர்கள் மேல் வந்த எரிச்சலைவிட இது கூடுதல்.

"நாலையும் மாட்டிட்டுத்தான் மேடம் வருவேன்."

"நாளைக்குள்ள ஆவுமா?"

"ஆவாது மேடம்."

மேடம் பெருமூச்சு விட்டார். அடுத்து வந்தது தெலுங்கு. சுருக்கம் இதுதான்: எம்.டி. வரும்போது சீட் காலியாக இருக்க முடியாது, கிஷோர் இங்கேயேதான் இருக்கிறார், அவருக்குக் கன்சோலும் பழகிவிட்டது. நீ வெளி வேலையைப் பார்த்துக்கொள்.

போனை வைத்ததும் ஜோனத்தான் பால் கேன் மேலிருந்த பெட்டியை எடுத்தான்.

"தம்பி, வத்து, வேணாம்," என்றார் சிட்டிபாபு. "நல்லா போய்க்கினு கீறத இன்னாத்துக்குக் கெடுக்கற? சாயங்காலம் இன்னொரு லாரி கீது."

"லாரி வரும்போது கேட் பாஸ் வரும்ணா. வரலன்னா நீங்களே கழட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எழுதிக் குடுப்பியா?"

"மோர் மேல சத்தியம்."

பெட்டியை மாட்டினான். லேப்டாப்பைச் சொருகி விதிகளைத் திரும்ப ஏற்றினான். கேட் பாஸ் தளத்தின் முகவரியை சிட்டிபாபுவிடம் கேட்டான். அவர், "அதான், பச்ச கலர்ல வருமே" என்றார். அதை அவர் கம்ப்யூட்டரிலேயே தேடி எடுத்துப் புது விதியாகச் சேர்த்தான். சாயங்கால லாரி வந்தது. சிட்டிபாபு ஒரு கையைப் பெட்டியின் வயரில் வைத்துக்கொண்டு மறு கையால் கேட் பாஸ் எடுத்தார். பிரிண்டர் முனகிவிட்டுத் தாளைத் துப்பியது. லாரி போயிற்று. அவர் வயரிலிருந்து கையை எடுத்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. காலையில் பெட்டி இல்லாமல் வந்த அதே தாள்தானே இப்போதும் வந்தது.

ஜோனத்தான் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கிஷோர் கூப்பிட்டார்.

"ஜோனு, சத்தியவேடு பச்சையாயிடுச்சுப்பா. நிச்சயமான்னு என்னமோ கேக்குது. நான் ஏதாவது அமுக்கணுமா?"

"வேணாம்ணா. கையக் கட்டிக்கினு உக்காருங்க. நான் புத்தூருக்குப் போய்க்கினு இருக்கறேன்."